உயிருள்ள தசையில் சார்கோமியர் நீளம் அளப்பது எப்படி: புதிதாக வருகிறவர்களுக்கு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், முதல் நல்ல படம் கிடைத்த அன்று அதைக் கையோடு கொண்டுவந்து காட்டுவார்கள். கறுப்புப் பின்னணியில், சீப்பின் பற்களைப் போல ஒழுங்காக நிற்கும் வெளிர் கோடுகள். விழித்திருந்து நம்மோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் தசைக்குள்ளிருந்து வந்த படம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “அப்போது மூட்டு எந்தக் கோணத்தில் இருந்தது?”

பதில் இல்லையென்றால் அந்தப் படத்திலிருந்து எடுக்கும் எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. சார்கோமியர், அதாவது தசை இழையின் மிகச் சிறிய சுருங்கும் அலகு; அதன் நீளம் எலும்பின் நீளம் மாதிரி ஒருவருக்கு ஒரே எண்ணாக இருப்பதல்ல. முழங்காலை மடக்கினால் மாறும், கணுக்காலை நிமிர்த்தினால் மாறும், அதே தசையில் நாலு சென்டிமீட்டர் தள்ளி அளக்கும் ஊசியைக் குத்தினாலும் மாறலாம். எனவே கருவியைப் பற்றிப் பேசும் அளவுக்கு, கருவியைச் சுற்றி நடக்கும் ஏற்பாடுகளைப் பற்றியும் இங்கே பேசப்போகிறேன்.

எதை அளக்கிறோம்

ஒரு தசை இழையை நீளவாக்கில் பார்த்தால், ஒரே மாதிரியான சிறு அறைகள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பது தெரியும். ஒவ்வோர் அறையும் ஒரு சார்கோமியர். அறையின் இரு பக்கச் சுவர்களுக்கு இசட் தட்டு என்று பெயர். சுவர்களிலிருந்து மெல்லிய ஆக்டின் நுண்ணிழைகள் உள்நோக்கி நீள்கின்றன. நடுவில் தடித்த மயோசின் நுண்ணிழைகள் இருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த நுண்ணிழைகள் குட்டையாவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உள்ளே போகின்றன, அவ்வளவுதான். 1954-ல் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாக எழுதின. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும். மற்றொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை.

ஒரு சார்கோமியர் எவ்வளவு விசை தரும் என்பது இந்த நுண்ணிழைகள் எவ்வளவு தூரம் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 1966-ல் கோர்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் தவளையின் ஒற்றைத் தசை இழையில் இதை அளந்து காட்டினார்கள். மனிதத் தசையில் ஆக்டின் நுண்ணிழை தவளையினுடையதைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால் எண்களும் தள்ளிப்போகின்றன. மனிதர்களுக்கு ஏறத்தாழ 2.64 முதல் 2.81 மைக்ரான் வரை உச்ச விசை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு மேல் நீட்ட நீட்ட விசை குறைந்து, 4.24 மைக்ரான் அருகே நுண்ணிழைகள் முழுதாக விலகி, சுருங்கும் விசை பூஜ்யமாகிறது.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.81-க்கும் 4.24-க்கும் நடுவே விசை நேர்கோட்டில் இறங்குகிறது என்று கொள்வோம். சார்கோமியர் 3.5 மைக்ரான் என்றால் உச்ச விசையில் ஏறக்குறைய 52 சதவீதம்தான் மிஞ்சும். அதாவது ஒரு மைக்ரானுக்கும் குறைவான நீட்சியில் பாதி விசை போய்விடுகிறது. இன்னொன்று: உண்மையான நீளம் 3.1 மைக்ரான், நீங்கள் 10 சதவீதம் கூடுதலாக அளந்து 3.41 என்று எழுதிவிட்டீர்கள். 3.1-க்கு விசை 80 சதவீதம், 3.41-க்கு 58 சதவீதம். அளவில் செய்த சிறு பிழை முடிவில் எவ்வளவு பெரிதாகிறது என்று தெரிகிறதல்லவா? இந்த 10 சதவீதம் எங்கிருந்து வரும் என்பதைக் கீழே பார்க்கலாம். நினைப்பதைவிடச் சுலபமாக வரும்.

எந்த முறை

அல்ட்ராசவுண்டில் தசைக்கற்றைகள் (தசை இழைகளின் கட்டுகள்) அழகாகத் தெரியும், சார்கோமியர் தெரியாது. ஒரு முடியின் தடிமன் 80 மைக்ரான் என்று வைத்தால் அதற்குள் 28 சார்கோமியர்களை அடுக்கலாம். அவ்வளவு நுணுக்கத்துக்கு ஒளிதான் வேண்டும். ஆனால் ஒளி தசைக்குள் சிதறிப்போகும், தோலுக்கு வெளியே நின்றுகொண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் மைக்ரான் அளவைப் பார்க்க முடியாது. ஆகவே ஒளியை உள்ளே கொண்டுபோயாக வேண்டும்.

பழைய வழி லேசர் விளிம்பு விளைவு. சார்கோமியர்கள் சீரான இடைவெளியில் அடுக்கியிருப்பதால் தசை இழையே ஒரு கீற்றணிபோல, அதாவது நெருக்கமான கோடுகளால் ஒளியை விலக்கிப் பிரிக்கும் தட்டுபோல, நடந்துகொள்கிறது. ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் ஒளியை மெல்லிய இழைக்கற்றை வழியே செலுத்தினால் மறுபக்கம் புள்ளிகளோ கோடுகளோ விழும். 2.8 மைக்ரான் சார்கோமியருக்கு முதல் கோடு ஏறக்குறைய 13 டிகிரி விலகும்; 3.2 மைக்ரானுக்கு 11.4 டிகிரி. திரை 20 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் முதலாவது 4.6 மில்லிமீட்டரிலும் இரண்டாவது 4 மில்லிமீட்டரிலும் விழும். தசை நீள நீளக் கோடுகள் நெருங்கி வரும் என்பதைப் புதியவர்கள் முதலில் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம், கவனம். ரிச்சர்ட் லீபரும் உடன் ஆய்வாளர்களும் 1994-ல் கை அறுவை சிகிச்சையின்போது மணிக்கட்டை நிமிர்த்தும் தசையில் இந்த முறையால் அளந்தார்கள். தசை திறந்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் எல்லை. அறுவை அரங்கில் இடம் இல்லாதவர்களுக்கு இது பயன்படாது.

இன்று பெரும்பாலும் செய்வது நுண் எண்டோஸ்கோப்பி. 2008-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லூவலின், பாரெட்டோ, டெல்ப், ஷ்னிட்சர் ஆகியோர் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமனே உள்ள லென்ஸ் குச்சியை ஊசிபோலச் செலுத்தி, எலியிலும் மனிதரிலும் சார்கோமியர்களைப் படம்பிடித்தார்கள். 2015-ல் சான்செஸும் அதே குழுவினரும் உடலிலேயே பொருத்தக்கூடிய சிறு கருவி ஒன்றால் மனிதத் தசை ஒரு கணம் துடிப்பதையே பதிவு செய்தார்கள். மற்ற வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் விழித்திருக்கும் மனிதரில் அளக்கப் பழகுகிறவருக்கு இதுதான் தொடக்கம். இனி வருவதெல்லாம் இந்த முறைக்கானது.

ஒளி எங்கிருந்து வருகிறது

சாயம் எதுவும் ஏற்றுவதில்லை. ஃபெம்டோநொடி லேசரின் மிகக் குறுகிய துடிப்புகளை ஓர் இடத்தில் குவித்தால், மயோசின் நுண்ணிழைகள் இரண்டு ஃபோட்டான்களை ஒன்றாக்கி, சரியாகப் பாதி அலைநீளத்தில் ஒரு ஃபோட்டானைத் திருப்பித் தரும். 920 நானோமீட்டர் உள்ளே போனால் 460 நானோமீட்டர் வெளியே வரும். முழுப் பெயர் இரண்டாம் சீரிசை ஒளி. ஆய்வகத்தில் எல்லோரும் எஸ்.எச்.ஜி. என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஆக்டின் இதைத் தராது. ஆகவே ஒவ்வொரு சார்கோமியரின் நடுப்பகுதியும் ஒளிரும், இசட் தட்டுப் பக்கம் இருண்டிருக்கும். ஒரு வெளிர் கோட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை உள்ள தூரம்தான் நமக்கு வேண்டிய நீளம்.

தசையைச் சுற்றிய உறைகளில் உள்ள கொலாஜன் என்ற புரதமும் எஸ்.எச்.ஜி. தரும் என்பதை மறக்க வேண்டாம். ஊசி தசைக்குப் போவதற்கு முன்னாலோ, கற்றைகளுக்கு நடுவே உள்ள உறையிலோ நின்றால் பளிச்சென்று ஏதோ தெரியும். கயிறு திரித்த மாதிரி, அலை அலையாக இருக்கும், ஒழுங்கான வரிகள் இருக்காது. முதல் நாளிலேயே இதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தால் கருவியின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். எஸ்.எச்.ஜி. ஒளி பெரும்பாலும் லேசர் போகும் திசையிலேயே முன்னோக்கிப் போகும். அதனால்தான் பல கருவிகளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊசிகள்: ஒன்று ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி அனுப்பும், மற்றொன்று எதிரே நின்று வாங்கிக்கொள்ளும். நடுவில் உள்ள மெல்லிய தசைப் பகுதிதான் படமாகிறது. அப்புறம், சமிக்ஞை லேசர் செறிவின் இருமடியில் ஏறும். திறனை இரட்டிப்பாக்கினால் படம் நாலு மடங்கு பிரகாசமாகும். குவியம் கொஞ்சம் கலங்கினாலோ, லேசர் துடிப்பு அதைக் கொண்டுவரும் ஒளி ஃபைபருக்குள் நீண்டுபோனாலோ அதே வேகத்தில் மங்கிவிடும். படம் மங்கலாக இருக்கிறது என்று உடனே திறனைக் கூட்டாதீர்கள். முதலில் லென்ஸ் நுனியில் இரத்தமோ காய்ந்த திரவமோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் படி: அனுமதியும் ஆளும்

இது ஊசி குத்தும் ஆய்வு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பங்கேற்பவர் எழுத்தில் தரும் சம்மதம், ஊசி வேலையில் பயிற்சி உள்ள மருத்துவர் ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்கவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இரத்தக் கசிவுக் கோளாறு உள்ளவர்கள், குத்த வேண்டிய இடத்தில் தோல் தொற்று உள்ளவர்கள் ஆகியோரை முன்கூட்டியே கேட்டறிந்து விலக்க வேண்டும். லேசர் எரியும் அறையில் இருக்கும் எல்லோரும், பங்கேற்பவர் உட்பட, அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி அணிய வேண்டும். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் கூடுதல் ஆபத்து.

சம்மதத் தாளில் “சிறிது அசௌகரியம் இருக்கலாம்” என்று மட்டும் எழுதி முடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. ஊசி தோலைத் தாண்டும்போது சுருக்கென்று இருக்கும், தசைக்குள் போனதும் ஆழமான அழுத்தம்போல, சில சமயம் தசைப்பிடிப்பு வருவதுபோல இருக்கும், மறுநாள் அந்த இடம் வலிக்கலாம் என்று நேராகச் சொல்லுங்கள். எதிர்பார்த்து இருப்பவரின் தசை இறுகுவதில்லை. இறுகாத தசையில்தான் நல்ல அளவு கிடைக்கும்.

இரண்டாம் படி: மூட்டைக் கட்டுங்கள்

ஊசியைத் தொடுவதற்கு முன் உங்கள் நேரத்தில் பாதி இதற்குப் போக வேண்டும்.

மூட்டை ஒரு தாங்கியில் வைத்துப் பட்டையால் கட்டுங்கள். கோணமானியால் அளந்து எழுதுங்கள். தசை ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளைத் தாண்டிப் போகிறது என்றால் அத்தனை மூட்டுகளின் கோணமும் வேண்டும். தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ள வாஸ்டஸ் லேட்டராலிஸ் முழங்காலை மட்டும் தாண்டுகிறது; பின்தொடைத் தசைகளில் பல இடுப்பையும் முழங்காலையும் தாண்டுகின்றன. பின்தொடையை அளந்துவிட்டு இடுப்பின் கோணத்தை எழுதாமல் விட்டால் அளவே வீண்.

பங்கேற்பவர் தளர்வாக இருக்கிறாரா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தோலில் ஒட்டும் மின்வாய்களால் தசையின் மின் சமிக்ஞையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். திரையில் கோடு அமைதியாக இருக்கும் நேரத்தில் எடுத்த படங்களை மட்டும் ‘தளர்நிலை’ என்று குறியுங்கள்.

பிறகு அல்ட்ராசவுண்டு. குத்தப்போகும் இடத்தில் தசை எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது, இரத்தக்குழாயும் நரம்பும் எங்கே போகின்றன, தசைக்கற்றை எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது ஆகிய நான்கையும் பார்த்துத் தோலில் பேனாவால் குறியுங்கள். கற்றையின் திசையைத் தோல்மேல் ஒரு கோடாக இழுத்து வையுங்கள். அடுத்த படியின் வெற்றி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கற்றையின் நீளத்தையும் இப்போதே, இதே கோணத்தில், இதே நிலையில் அளந்துவிடுங்கள். பங்கேற்பவர் எழுந்து நடந்துவிட்டு வந்த பிறகு அளப்பது வேறொரு தசையை அளப்பதற்குச் சமம்.

மூன்றாம் படி: கருவியைச் சரிபாருங்கள்

இடைவெளி தெரிந்த ஒரு கீற்றணியையோ நுண் அளவுகோலையோ படம் எடுத்து, ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்று கணக்கிடுங்கள். அன்றன்றைக்கு, ஒவ்வோர் ஊசிக்கும் தனித்தனியாக. படத்தின் நடுவிலும் ஓரத்திலும் அளவு ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஸ்கேன் கண்ணாடி திரும்பும் ஓரங்களில் படம் இழுபடுவது சகஜம். ஓரம் கோணலாக இருந்தால் கணக்கில் அதை வெட்டிவிடுங்கள்.

ஃபோட்டோமல்டிபிளையர் (மிக மங்கலான ஒளியையும் பதியும் உணரி) ஓடும்போது அறை விளக்கு எரியக் கூடாது. படத்தைக் கெடுப்பதோடு கருவியையும் கெடுக்கும்.

ஒரு முறை நான் முந்தைய வாரத்து அளவீட்டு எண்ணையே வைத்துக்கொண்டு மூன்று பேரை அளந்துவிட்டேன். ஊசி மாறியிருந்தது, எண்ணை மாற்றவில்லை. அவர்களை மறுபடி வரச் சொல்லி இன்னொரு முறை குத்த எனக்கு மனம் வரவில்லை. நல்ல வேளையாக அந்த ஊசியே கையில் இருந்ததால் கீற்றணியை மறுபடி படம் எடுத்துத் திருத்த முடிந்தது. அன்றிலிருந்து, பங்கேற்பவர் அறைக்குள் வருவதற்கு முன்பும் போன பிறகும் கீற்றணியைப் படம் எடுத்து வைக்கிறேன்.

நான்காம் படி: ஊசி

தோலைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கிய ஊசியை மருத்துவர் செலுத்துவார். பல கருவிகளில் ஸ்பிரிங் விசையால் ஊசி ஒரே நொடியில் உள்ளே போய்விடும். மெல்ல மெல்லத் தள்ளினால் தசை ஊசியோடு சேர்ந்து மடிந்து, இழுபட்டுப் போகும். உணர்விழக்கும் மருந்து தேவையா என்பது மருத்துவரின் முடிவு. தேவையென்றால் தோலோடு நிறுத்தச் சொல்லுங்கள், தசைக்குள் திரவம் போனால் இழைகள் விலகிவிடும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது ஊசி எந்தத் திசை பார்க்கிறது என்பது. இரண்டு ஊசிக் கருவியை மனதில் வையுங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு கயிறு ஓடுவதுபோல, தசை இழை இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஓட வேண்டும். அதாவது இரண்டு ஊசிகளையும் இணைக்கும் கோடு, நீங்கள் தோலில் இழுத்த கோட்டுக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

இதில் இரண்டு வகைச் சாய்வு வரும். கற்றை தசைக்குள் மேலிருந்து கீழாகச் சாய்ந்திருப்பது படத்திலேயே தெரியும்; இழைகள் கோணலாக ஓடும், கோணத்தை அளந்து திருத்திவிடலாம். கருவி அதன் அச்சில் கொஞ்சம் திரும்பியிருந்தால் வரும் சாய்வு வேறு. இழை படத்தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும், ஆனால் படம் பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். வரிகள் நேராக, கூர்மையாக நிற்கும். ஆனால் நீளம் தப்பு. ஒரு வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டாமல் சாய்த்து வெட்டினால் வளையம் நீள்வட்டமாக நீண்டு தெரிவதுபோல, இங்கேயும் இடைவெளி நீண்டு தெரியும். 15 டிகிரி சாய்வுக்கு மூன்றரை சதவீதம் கூடும். 25 டிகிரிக்கு 10 சதவீதம். மேலே சொன்ன 80 சதவீத விசையை 58 ஆக்கிய பிழை இதுவாகவே இருக்கலாம்.

இந்தப் பிழை ஒருபோதும் குறைவாகக் காட்டாது, எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். இதையே நமக்குச் சாதகமாக்கலாம். ஊசியை வலுக்கட்டாயமாகத் திருகாமல், கருவியின் பிடியை மட்டும் மிக லேசாக இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, எந்த நிலையில் இடைவெளி மிகக் குறைவாக வருகிறதோ அதை உண்மைக்கு நெருக்கமாகக் கொள்ளுங்கள். குவியத்தை ஆழத்தில் நகர்த்த முடிகிற கருவியாக இருந்தால் இன்னும் நல்லது. இழை சரியாகத் தளத்தில் கிடந்தால், ஆழம் மாறும்போது வரிகள் இருந்த இடத்திலேயே நிற்கும். சாய்ந்திருந்தால் வரிகள் ஒரு பக்கமாக நகரும். 10 மைக்ரான் ஆழத்துக்கு வரிகள் 2.7 மைக்ரான் நகர்ந்தால் சாய்வு 15 டிகிரி. ஆழம் நகர்த்தும் ஒவ்வொரு எட்டும் சிறிதாக இருக்கட்டும். பெரிய எட்டில் வரி ஒரு முழு இடைவெளி நகர்ந்து, நகராத மாதிரியே ஏமாற்றும்.

ஐந்தாம் படி: படம் எடுப்பது

ஊசி போனவுடன் வரும் படத்தை நம்பாதீர்கள். தசை ஒரு முறை துடித்து அடங்கும், கொஞ்சம் இரத்தம் கசியும். இரத்தம் இந்த நீல, பச்சை ஒளியை நன்றாக விழுங்கிவிடுவதால் படம் இருளும். ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் ஊசியைக் கொஞ்சம் பின்னிழுத்துப் பாருங்கள்.

வரிகள் தெரிந்ததும் ஒரே இடத்தில் நூறு படம் எடுக்கத் தோன்றும். அது ஓர் இழையை நூறு முறை அளப்பதுதான். ஊசியை மெல்லப் பின்னிழுத்துக்கொண்டே வெவ்வேறு ஆழங்களில், வெவ்வேறு இழைகளில் எடுங்கள். பக்கத்துப் பக்கத்து இழைகளிலேயே நீளம் ஒன்றாக இராது. 2018-ல் லிக்ட்வார்க் குழுவினர் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத் தசையான டிபியாலிஸ் ஆன்டீரியரில் வெவ்வேறு பகுதிகளை அளந்தபோது, பகுதிக்குப் பகுதி சார்கோமியர் நீளம் வேறுபட்டிருந்தது. ஒரே குத்தில் கிடைத்த எண்ணை ‘அந்தத் தசையின் நீளம்’ என்று எழுத எனக்குத் துணிச்சல் வராது. குறைந்தது இரண்டு இடங்கள், இடத்துக்குப் பத்து இழைகள் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. பங்கேற்பவர் ‘போதும்’ என்று சொன்னால் அந்த நொடியே நிறுத்துவது அதற்கு மேலான கணக்கு.

மூச்சு விடும்போது, இதயம் துடிக்கும்போது தசை நகரும். ஸ்கேன் செய்யும் புள்ளி இழை வழியே ஓடும் அதே திசையில் தசையும் நகர்ந்தால் இடைவெளி நீண்டு தெரியும், எதிர்த்திசையில் நகர்ந்தால் குறுகும். கருவி இரு திசையிலும் ஸ்கேன் செய்யும் என்றால் போகும் கோட்டையும் வரும் கோட்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தசை ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தப் படத்தை ஒதுக்குங்கள்.

சுருங்கும் தசையை அளப்பது அடுத்த கட்டம். நரம்பையோ தசையையோ மின்தூண்டல் செய்து, ஒரே கோட்டை மட்டும் திரும்பத் திரும்ப அதிவேகமாக ஸ்கேன் செய்வார்கள். தளர்ந்த தசையில் ஐம்பது முறையாவது கைபழகாமல் அதில் இறங்க வேண்டாம்.

ஆறாம் படி: படத்திலிருந்து எண்

இரண்டு வரிகளுக்கு நடுவே அளவுகோல் வைத்து அளப்பதில்லை. இழை வழியே ஒரு கோட்டை இழுத்து, அதன் பிரகாசத்தை வரைபடமாக்கி, ஃபூரியர் மாற்றம் செய்தால், மீண்டும் மீண்டும் வரும் இடைவெளி ஓர் உச்சமாகத் தெரியும். 80 மைக்ரான் அகலப் படத்தில் 25-க்கு மேல் சார்கோமியர்கள் சேர்ந்து சராசரியாவதால், ஒற்றை இடைவெளியை அளப்பதைவிடப் பல மடங்கு நம்பகமான எண் கிடைக்கும். இழை சாய்ந்திருந்தால் கோட்டை இழையின் திசையிலேயே இழுங்கள், படத்தின் கிடைக்கோட்டில் இழுக்காதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மயோசின் நுண்ணிழையின் நட்டநடுவே எஸ்.எச்.ஜி. கொஞ்சம் மங்கும். கூர்மையான கருவியில் ஒவ்வொரு வெளிர் கோடும் இரட்டைக் கோடாகப் பிரிந்து தெரியலாம். அப்போது மென்பொருள் பாதி நீளத்தைக் கொடுத்துவிடும். தளர்ந்த தசையில் 1.5 மைக்ரான் என்று ஓர் எண் வந்தால் சந்தோஷப்படாமல் படத்தைத் திறந்து பாருங்கள். தானியங்கி நிரல் எழுதுகிறவர்கள் 2 முதல் 4.5 மைக்ரான் வரை மட்டும் தேடச் சொல்லிவிடுவது நல்லது. எல்லையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் விடைகளை மட்டும் கையால் சரிபாருங்கள்.

எந்தப் படத்தை ஒதுக்குவது என்ற விதியைப் படம் எடுப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். விடையைப் பார்த்த பிறகு ஒதுக்க ஆரம்பித்தால், நமக்குப் பிடித்த எண்கள் மட்டும் மிஞ்சும்.

ஏழாம் படி: எண்ணை வைத்து என்ன செய்வது

சார்கோமியர் நீளத்தைத் தனியாகப் பார்ப்பதைவிட, கற்றை நீளத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது பேசும். கற்றை நீளத்தைச் சார்கோமியர் நீளத்தால் வகுத்தால், ஒரு கற்றையில் எத்தனை சார்கோமியர்கள் வரிசையாக இருக்கின்றன என்று கிடைக்கும். 8 சென்டிமீட்டர் கற்றை, 2.8 மைக்ரான் சார்கோமியர் என்றால் ஏறக்குறைய 28,600. இந்த எண்ணிக்கை மூட்டுக் கோணத்தோடு மாறாது. உடல் புதிதாகச் சேர்த்தாலோ கழித்தாலோதான் மாறும். பயிற்சிக்குப் பிறகு கற்றை நீண்டிருக்கிறது என்று அல்ட்ராசவுண்டு மட்டும் காட்டினால், புதுச் சார்கோமியர்கள் சேர்ந்தனவா, இருப்பவை இழுபட்டனவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் பிரிக்கத்தான் இவ்வளவு பாடும்.

2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதன் பயனை எனக்கு உணர்த்தியது. பக்கவாதம் வந்து நெடுநாளான மனிதர்களில், பாதித்த கையின் பைசெப்ஸையும் மற்றக் கையின் பைசெப்ஸையும் அட்கின்ஸ் குழுவினர் இந்த முறையில் அளந்தார்கள். பாதித்த கையில் வரிசைச் சார்கோமியர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்திருந்தது. அதே மனிதரின் மற்றக் கைதான் ஒப்பீடு, ஆகவே உயரம், வயது என்று சாக்குச் சொல்ல இடமில்லை. முழங்கை முழுதாக நிமிராத ஒருவருக்கு மருத்துவம் செய்கிறவர், பிரச்சினை நரம்பில் மட்டுமா தசையிலும்தானா என்று கேட்க இது வழி திறக்கிறது.

வகுத்தல் செய்யும்போது இரண்டு அளவுகளின் பிழையும் விடைக்குள் வரும் என்பதை எழுத மறக்காதீர்கள். அல்ட்ராசவுண்டுத் திரையில் அடங்காத நீளமான கற்றையை ஊகித்து நீட்டியிருந்தால், சார்கோமியரை எவ்வளவு நுணுக்கமாக அளந்தும் பயனில்லை.

அறிக்கையில் இவ்வளவும் இருக்கட்டும்: தசை, குத்திய இடம் எலும்பு அடையாளத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர், ஆழம், எல்லா மூட்டுக் கோணங்களும், தளர்வை எப்படி உறுதி செய்தீர்கள், எத்தனை இழைகள், எத்தனை படம் ஒதுக்கினீர்கள், ஏன், சாய்வை எப்படிச் சரிபார்த்தீர்கள். சராசரியோடு சிதறலையும் கொடுங்கள்.

ஊசியை எடுத்த பிறகு

ஊசி வெளியே வந்தவுடன் மடித்த துணியால் அந்த இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். கருவியைத் துடைக்க ஓடாதீர்கள், அது காத்திருக்கும். பங்கேற்பவரைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பிறகு மெல்ல நடக்கச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்குக் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்று சொல்லுங்கள். வீக்கம் கூடினாலோ, சிவந்து சூடானாலோ, மரத்துப்போனாலோ யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அவர் போனதும் கீற்றணியை மறுபடி ஒரு படம். மறுநாள் காலையில் நீங்களே கூப்பிட்டு, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதே தாளில் மூட்டுக் கோணத்துக்குக் கீழே எழுதி வையுங்கள்.